அக்காவின் நுரையீரலும் எங்கள் நுரையீரலும்

அக்காவுக்கு இருமல் தொடங்கியபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தசரா முடிந்து மைசூரில் காலைப் பனி இறங்கியிருந்த நேரம். விஜயநகரில் அவள் வீட்டுக்கு எதிரே பழைய வீடொன்றை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். தூசிதான் காரணம் என்றோம். நான் மிளகும் சித்தரத்தையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வேலை முடிந்து வரும் வழியில் இருமல் மருந்து வாங்கி வைத்துவிட்டுப் போனான். எதற்கும் கேட்கவில்லை. பொங்கலுக்குள் அக்கா மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தது எல்லாம் முடிந்து, நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். அக்கா வாழ்நாளில் ஒரு பீடியைக் கையால் தொட்டவள் அல்ல. "வேற யாரோட ரிப்போர்ட்டாவது மாறிப்போச்சான்னு கேளு அம்மிணி," என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் கேட்டேன். மாறவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் அம்மா சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். கன்னடத்தில் நிதானமாகப் பேசுவார். "ஒரு நல்ல செய்தி," என்றார். "கட்டியில் ஜீன் மாற்றம் இருக்கிறது. அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. இப்போதைக்கு கீமோ வேண்டாம்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் அந்த 'ஜீன்' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. ஜீன் என்றால் குடும்பத்தில் வருவது என்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் அம்மாவின் மூக்கு வந்ததுபோல. அப்பாவின் வழுக்கை தம்பிக்கு வந்ததுபோல. அதில் போய் நல்ல செய்தி என்ன இருக்கிறது?

எழுந்து கிளம்பும்போது மச்சான், அதாவது அக்காவின் கணவர், கதவருகில் நின்றுவிட்டார். அவர் அதிகம் பேசாதவர்.

"டாக்டர், நான் ரொம்ப வருஷம் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிச்சேன். அப்புறம் விட்டுட்டேன். அதனாலயா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்தவர் விடும் புகையும் ஒரு காரணம்தான். ஆனால் இவருக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் விட்டது நல்லது," என்றார்.

மச்சான் தலையாட்டினார். திரும்பும் வழியில் சிக்னலில் பச்சை விழுந்தும் காரை எடுக்காமல் நின்றார். அக்காதான் பின் சீட்டிலிருந்து அவர் தோளைத் தட்டி, "சிக்னல் விழுந்துருச்சு, போங்க," என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். மச்சானுக்கு அவருடைய பழைய சிகரெட். அக்காவின் மகளுக்கு எதிர்வீட்டுச் சிமெண்ட். எனக்கு, கொள்ளேகால் தாண்டி அனூர்ப் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் விறகடுப்பு. அம்மா காட்டு வேலைக்குப் போய்விட்டால் அக்காதான் ஊதுகுழலை வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்காருவாள். பச்சை விறகு என்றால் சமையலறையில் ஆள் முகம் தெரியாது. நான் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன். அப்படியென்றால் அவளுக்கு வந்தது, எனக்கு வராது என்று அர்த்தமா? அப்படி நினைத்தவுடனே எனக்கே கூச்சமாக இருந்தது.

தம்பிக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்த்துவிட்டு வாசல் கேட்டுக்கு வெளியே வந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். நான் அதைப் பிடுங்கப் போனேன்.

"விடு சின்னக்கா," என்றான். "பெரியக்கா ஒரு நாளும் பத்தவெச்சதில்ல. அவளுக்கு வந்துருச்சு. நம்ம பெரிய மாமனும் இருமி இருமித்தான் செத்தாரு. ரத்தத்துல இருந்தா வந்தே தீரும். இதை விட்டா மட்டும் என்ன ஆவப்போவுது?"

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள். பகடையில் ஆறு விழும் வாய்ப்பு என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் பகடை உருண்டு ஒரு தடவை அக்காமேல் விழுந்த பிறகு, அடுத்தது யார்மேல் விழும் என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. தம்பி சொல்வது தப்பு என்று மனசுக்குத் தெரிகிறது. எந்த இடத்தில் தப்பு என்றுதான் தெரியவில்லை.

அக்காவின் மகள் ஒரு நாள் என்னிடம் கேட்டாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம்; சித்தியான என்னைச் சிக்கம்மா என்பாள். "சிக்கம்மா, நானும் ஜீன் டெஸ்ட் பண்ணிக்கணுமா? யாருமே கரெக்டா சொல்ல மாட்டேங்கறாங்களே."

உள்ளே இருந்த மச்சான் காதில் அது விழுந்துவிட்டது. "ஜீன் கீன்னு வெளிய எங்கயும் பேசாதீங்க," என்றார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம்."

டாக்டரிடம் மறுபடி கேட்டேன். நோய் இல்லாதவர்களுக்கு இப்போதைக்கு அப்படியொரு டெஸ்ட் தேவையில்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் ஒரு மரபணு ஆலோசகரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்து கொடுத்தார். அதற்கு முன் அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யார் யாருக்கு என்ன நோய் வந்தது, எந்த வயதில் வந்தது என்று விசாரித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரிய மாமனைப் பற்றிச் சொல்ல அவர் மனைவி, எங்கள் அத்தை ஒருத்திதான் மிச்சம். கோடை விடுமுறை விட்டதும் கிளம்பினேன். அத்தை இருப்பது தமிழ்நாட்டு எல்லையில், பாலாறு செக்போஸ்ட்டுக்குக் கர்நாடகப் பக்கம், காட்டை ஒட்டிய ஊர். அன்று செக்போஸ்ட்டுக்கு முன்னால் நின்ற லாரி வரிசையில் மாட்டி, பஸ் வெயிலில் வெகு நேரம் நகரவே இல்லை. நான் போனபோது அத்தை ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமனுக்கு என்ன நோவுன்னு சொன்னாங்க அத்தை?"

"மொதல்ல டீபீன்னாங்க கண்ணு. மாத்திரை குடுத்தாங்க. உங்க மாமன் பாதியில நிறுத்திப்போட்டாங்க. அப்புறம் கொள்ளேகால் ஆஸ்பத்திரியில டீபீ இல்ல, கல்லுத் தூசின்னாங்க. குவாரியில கருங்கல்லு ஒடச்சவியதானே. மைசூருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. அதுக்குள்ள ஆள் போயாச்சு."

"கேன்சர்னு யாராவது சொன்னாங்களா?"

"அந்தப் பேரே அப்ப எங்களுக்குத் தெரியாதே சாமி. பீடியும் குடிப்பாரு. எதைன்னு சொல்லுவேன்?"

மாமனின் எக்ஸ்ரே படம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "கிரகணம் பாக்கறதுக்குன்னு பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க எடுத்துட்டுப் போச்சுங்க. திரும்பி வல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டு மறுபடி அழுதோம். மாமனின் நெஞ்சு வழியாக யாரோ சூரியனைப் பார்த்திருக்கிறார்கள். அதில் என்ன இருந்தது என்று இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. காசநோயா, கல் தூசியா, பீடியா, குடும்ப வாகா? போகும்போது இருந்த கேள்வி திரும்பும்போது நாலாகப் பெருகியிருந்தது.

வீடியோவில் பேசிய ஆலோசகர் சின்னப் பெண். சென்னைக்காரி என்பதால் தமிழிலேயே பேசினாள். அக்கா, நான், தம்பி மூன்று பேரும் அக்காவின் சாப்பாட்டு மேசையில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் கட்டமும் வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்தாள். அக்காவின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள். பெரிய மாமனின் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"ஒண்ணு முதல்ல புரிஞ்சுக்கணும்," என்றாள். "பிறக்கும்போதே உடம்புல எல்லா செல்லுலயும் இருக்கற ஜீன் மாற்றம் வேற. பின்னாடி ஒரு இடத்துல, அந்தக் கட்டியில மட்டும் உண்டாகற மாற்றம் வேற. மாத்திரை குடுக்கறாங்களே, அது இந்த ரெண்டாவது வகைக்கு. அது அம்மா அப்பா கிட்டேருந்து வர்றதில்ல. பிள்ளைங்களுக்கும் போகாது."

அக்கா முன்னால் சாய்ந்தாள். "அப்ப வெதையில இல்ல. காயில விழுந்த சொத்தைங்கறீங்க."

"ஆமாம்மா. பெரும்பாலும் அப்படித்தான். ரொம்ப அபூர்வமா பிறவியிலேயே வர்ற வகையும் உண்டு. உங்க ரிப்போர்ட்டுல அதுக்கான அடையாளம் தெரியல."

அக்கா நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். எனக்கு நிம்மதி வரவில்லை. "அப்படின்னா எனக்கும் தம்பிக்கும் ஆபத்தே இல்லையா?"

"இல்லைன்னு சொல்ல முடியாது. கூடப்பிறந்தவங்களுக்கு வந்திருந்தா மத்தவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான்."

"இப்பத்தான் குடும்பத்துல வராதுன்னு சொன்னீங்க?"

அவள் சலித்துக்கொள்ளவில்லை. "அந்தக் கட்டியில இருக்கற மாற்றம் வராது. ஆனா நோய் வர்றதுக்கான ஒரு மெல்லிய சாய்வு சில குடும்பங்கள்ல இருக்கு. சின்னச் சின்னதா நிறைய ஜீன் சேர்ந்து செய்யற வேலை. எல்லாத்தையும் இன்னும் கண்டுபிடிக்கல. நீங்க மூணு பேரும் ஒரே வீட்டுப் புகையில வளர்ந்தீங்க. அதுல எவ்வளவு பங்கு, ரத்தத்துல எவ்வளவு பங்குன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாதுக்கா."

தம்பி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "ஜீன்ல இருந்தா சிகரெட்டை விட்டு என்ன பிரயோஜனம்ங்க?"

"நீங்க தலைகீழா யோசிக்கிறீங்க, சார். குடும்பத்துல சாய்வு இருக்கறவங்க பிடிச்சா ஆபத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். ஜீனை மாத்த முடியாது. சிகரெட்டை விட முடியும். எந்த வயசுல விட்டாலும் குறையும்."

சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் நுரையீரல் சுத்தமாகும் என்று அவனுடைய தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதையும் கேட்டான். அப்படி எதுவும் கிடையாது, புகை பிடிக்கிறவர்களுக்குச் சில விட்டமின் மாத்திரைகள் கெடுதலே செய்யும் என்றாள். என் பக்கம் திரும்பி, சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஃப்ரிட்ஜ் மறைத்துக்கொண்டு நிற்கிறது என்றேன். ஃப்ரிட்ஜைத் தள்ளி வையுங்கள், தாளிக்கும்போது ஃபேன் போடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தியும் ஊதுவத்தியும் கொளுத்தாதீர்கள் என்றாள். மைசூரில் இருந்துகொண்டு ஊதுவத்தி வேண்டாமா என்று அக்கா கேட்டாள். ஒன்று ஏற்றுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாள் அந்தப் பெண்.

அன்று மாலையே ஃப்ரிட்ஜைத் தள்ளினேன். அத்தனை காலமும் அங்கே சூரிய வெளிச்சம் வரக்கூடும் என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அவள் சொன்னதில் பாதி ஆறுதலாகவும் பாதி பயமாகவும் இருந்தது. எது எந்தப் பாதி என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது.

தம்பிக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், குறைந்த கதிர்வீச்சில் எடுப்பது, வயதும் புகைத்த காலமும் அதற்கு ஒத்துவருகிறது என்று அக்காவின் டாக்டர் சொன்னார். எனக்கும் எடுக்கலாமா என்று கேட்டேன். "உங்களுக்கு வேண்டாம். நம்ம ஊரில் எல்லோர் நெஞ்சிலும் ஏதாவது பழைய தழும்பு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீணாகக் கவலைப்படுவீர்கள்," என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் தெரு டாக்டரிடம் நச்சரித்து ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, தம்பியோடு நானும் போய்ப் படுத்து எழுந்தேன்.

தம்பியின் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. என் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு புள்ளி இருந்தது.

ஸ்கேன் சென்டர் வாசலிலேயே அவன் இரண்டு ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் படித்தான். முதலில் அவனுடையதைப் படித்து, "பாத்தியா, சுத்தமா இருக்குது," என்று சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைத் தொட்டான். பிறகு என்னுடையதைப் படித்தான். முகம் சுருங்கிவிட்டது.

"இது என்ன நியாயம்க்கா? புகை குடிச்சவன் நானு. புள்ளி உனக்கா? மாத்திக் குடுத்திருப்பாங்க."

அக்கா சொன்ன அதே வார்த்தை. உள்ளே போய்ச் சண்டை போட்டான். மாறவில்லை.

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மிளகைவிடச் சிறியது. பழைய காசநோய்த் தழும்பு மாதிரிதான் தெரிகிறது, சிறுவயதில் வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்றார். பெரிய மாமன் கடைசி நாட்களில் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். அவருக்கு இருந்தது டிபியா இல்லையா என்பதுதான் யாருக்கும் தெரியாதே! அதைச் சொன்னேன். "சரி. ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்போம். அதுவரை டென்ஷன் மாட்கோபேடி," என்றார். பதற்றப்படாதீர்கள் என்று சொல்வது எந்த மொழியிலும் சுலபம்தான்.

அந்த மாதங்களில் நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. கரும்பலகையில் பாதிக் கணக்கில் நின்றுவிடுவேன். தொண்டையைச் செருமினால்கூட இது அதுதானோ என்று தோன்றும். அக்காவுக்கு மாத்திரையால் முகமெல்லாம் பொரிப் பொரியாக வந்தது. நகக்கண் வெடித்தது. ஆனால் மூச்சு வாங்குவது குறைந்தது. நோயாளி தேறிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளப் போன நான் அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு கிடந்தேன். அவள் எனக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள்.

அக்காவுக்கு எந்த வாசனையும் ஆகவில்லை. தம்பி உள்ளே வந்தாலே குமட்டியது. ஒரு நாள் நேராகவே சொன்னாள்: "உன்ர சட்டை வாசத்துக்கே எனக்கு வாந்தி வருது தம்பி. கோவிச்சுக்காத. உள்ள வராத."

அவன் வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று பேசிவிட்டுப் போனான். அடுத்த முறை தொழிற்சாலையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அதற்கும் அக்கா மூக்கைச் சுளித்தாள். அக்காவைப் பார்க்க வரும் நாட்களில் காலையிலிருந்தே பிடிக்காமல் இருந்து பார்த்தான். எரிந்து எரிந்து விழுந்தான். ஷிப்டில் ஆட்களோடு சண்டை. டாக்டர் சொன்ன நிகோடின் சூயிங்கம்மை மென்றுகொண்டு நஞ்சன்கூடு ரயிலில் போனான். ஆடியில் ஒரு தடவை மறுபடி பிடித்துவிட்டு, என்னிடம் போனில் சொல்லி அழுதான். நான் புத்தி சொல்லவில்லை. நாளைக்கு மறுபடி விடலாம் என்று மட்டும் சொன்னேன்.

கார்த்திகையில் எனக்கு இரண்டாவது ஸ்கேன். புள்ளி அதே இடத்தில் அதே அளவில் இருந்தது. வளராமல் இருப்பது நல்லது என்றார் டாக்டர். இல்லாமல் போயிருந்தால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்டேன். தழும்பு எங்கே போகும் என்று சிரித்தார்.

அதற்கடுத்த வாரம் அக்காவின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மச்சான் எங்கள் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், வாயைத் திறக்கக் கூடாதென்று. காபி கொடுத்து முடித்ததும் அக்காவே ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு நுரையீரல்ல கேன்சருங்க. மாத்திரை சாப்பிடறேன். பின்னால தெரிஞ்சு வருத்தப்படறதுக்கு இப்பவே சொல்லிப்போடறேன்."

மச்சான் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார். "பரம்பரையா வர்றதுங்களா?"

"எனக்கு வந்தது அப்படி இல்லைன்னாங்க. குடும்பத்துல கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கன்னும் சொன்னாங்க. டாக்டருக்கே முழுசாத் தெரியாதுங்க. எங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

அந்த அம்மா சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்கா என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், சாப்பாடு இறங்குகிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். பத்து நாள் கழித்துச் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். தை மாதம் நிச்சயம் செய்தோம்.

தம்பி இப்போது பிடிப்பதில்லை. பிடிக்க மாட்டான் என்று நான் யாரிடமும் சத்தியம் செய்ய மாட்டேன். நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்துக்கு வெளியே வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன். "எதுக்காக விட்ட தம்பி? அந்தப் பொண்ணு சொன்னதாலயா, என் புள்ளியைப் பாத்ததாலயா, பெரியக்கா உள்ள விடாததாலயா?"

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "தெரியலக்கா," என்றான். "அந்த முனையைப் புடி."

பிடித்தேன். அக்கா உள்ளேயிருந்து பட்டுப்புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு, மண்டபத்துப் படிகளில் நிற்காமல் இறங்கி வந்து, வாழை மரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள்.